நாலாம் வரிசைத் தண்ணீர்

தகுமாய், அந்தீக்கே மாகாணம்
1997 மே 19

லூதிங்,

சான் இசித்ரோ திருவிழாவன்று நம் வீட்டுச் சாப்பாட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. உன் தம்பி ரொமுலோ இருந்தான், சுட்ட பன்றியை வெட்டிக்கொண்டு. பங்குச் சாமியார் இருந்தார், இரண்டாவது தட்டில். உன் பள்ளித் தலைமையாசிரியர் இருந்தார். உன் மகள் பியா மேசைக்கு அடியில் இருந்தாள். இலோயிலோ நகரத்திலிருந்து நீ கூட்டி வந்த பேராசிரியை டாக்டர் ஹலந்தோனி இருந்தாள். மின்விசிறிக்கு நேராக நல்ல நாற்காலியில் கொன்ராடா டீச்சர் இருந்தாள், எழுபத்தொன்பது வயசிலும் தோல் மொறுமொறுப்பாக இருக்கும் துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு. பின்வாசலில் உன் வகுப்புப் பெண் ஜினலின் வாளியோடு இருந்தாள். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் நான் இருந்தேன். நீயும் இருந்தாய்.

உன் டாக்டரம்மாள் எழுந்து நின்று என் தோளில் கை போட்டாள். "இவங்கதான் அந்த அம்மா! லூதிவினா எழுதினதப் படிச்சு எங்க எம்.ஏ. வகுப்பே அழுதுடுச்சு. மூணு வருஷம் பள்ளிக்கூடம் போயும் ஒரு வார்த்தை படிக்கத் தெரியாம வெளிய வந்தவங்க!" என்றாள்.

கொன்ராடா டீச்சர் எலும்பை வாயிலிருந்து எடுத்தாள். "புரோசிங்கா? அவ அப்பவே மந்தம். ஆனா தண்ணி நல்லாத் தூக்குவா."

எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் வாயில் சோற்றோடு சிரித்தார்.

நீ என்ன செய்தாய்? கொன்ராடாவின் கிண்ணம் காலியாக இருக்கிறதென்று சூப் ஊற்றினாய். மஜ்ஜை உள்ள துண்டாகத் தேடிப் போட்டாய்.

தவக்காலத்தில் நான் கடையில் விற்க ஓலையில் அரிசி கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, சின்ன வயசுல பள்ளிக்கூடம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாயே, அது மகள் கேட்கிறாள் என்றுதான் சொன்னேன். நகரத்துக்கு எடுத்துப் போய் விரித்துக் காட்டுவாய் என்று தெரிந்திருந்தால் வாயில் ஓலையை வைத்துக் கட்டிக்கொண்டிருப்பேன்.

பியாவைப் பார்த்துக்கொள்கிறேன். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீ மட்டும் வந்தால், ஆசி வாங்க நெற்றியில் வைக்க என் கையைக் கேட்காதே. தர மாட்டேன்.

அம்மா


இலோயிலோ
1997 ஜூன் 2

அன்புள்ள அம்மா,

நீங்கள் தராவிட்டாலும் உங்கள் கையை என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன்.

திருவிழா மேசையில் பெரியவர்களை எதிர்த்து எப்படிப் பேசுவது? ஊருக்கே பாடம் சொன்னவர் கொன்ராடா டீச்சர். தலைமையாசிரியர் வேறு பக்கத்தில் இருந்தார். டாக்டர் ஹலந்தோனி பாராட்டாகத்தான் சொன்னார். அது அங்கே பாராட்டாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் ஏறி இங்கே வந்து படித்தேன். இப்போது ஆய்வேட்டை முடிக்க அக்டோபர் வரைக்கும் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். "இருக்கிற வேலைக்கு மேல என்ன படிப்பு?" என்று கேட்டீர்கள். அம்மா, பதினோரு வருஷம் நான் டீச்சர். ஒரு குழந்தை ஏன் படிக்கவில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அறிக்கையில் "மந்தம்" என்று எழுதுவேன், மேலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கேள்வியை முதல்தடவை இங்கேதான் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

என் நாலாவது அத்தியாயம் உங்களைப் பற்றியது. உங்கள் பெயர் அதில் இல்லை. "பங்கேற்பாளர் ஏழு" என்றுதான் இருக்கும். முதலிலேயே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு. இதோடு ஒரு சம்மதப் படிவம் இருக்கிறது. ஜூலை முடிவதற்குள் உங்கள் கையெழுத்து வராவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஆய்வுக் குழுவில் சொல்லிவிட்டார்கள். அது போனால் அக்டோபரில் நேர்முகத் தேர்வு கிடையாது. மாஸ்டர் டீச்சர் பதவிக்கு ஒரே ஒரு இடம்தான் காலி. அதுவும் போய்விடும்.

அடியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அங்கே மட்டும் போடுங்கள். பஸ் கண்டக்டரிடமே கொடுத்தனுப்பலாம்.

உங்கள் லூதிங்


தகுமாய்
1997 ஜூன் 9

லூதிங்,

கையெழுத்து எங்கே போடுவது என்று எனக்குக் கோடு போட்டுக் காட்ட வேண்டாம். எனக்குப் படிக்கத் தெரியும். படித்தேன். உன் படிவத்தில் இரண்டாவது பத்தி பொய். "பங்கேற்பாளருக்குப் பள்ளியில் வாசிக்கும் திறன் அமையவில்லை" என்று போட்டிருக்கிறாய். எனக்கு அமையவில்லையா, எனக்குக் கொடுக்கவில்லையா?

நடந்ததைச் சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொள். 1940ஆம் வருஷம், மூணாம் வகுப்பு. கொன்ராடா டீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, வெள்ளைச் சப்பாத்து. ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்றாள். சிவப்பாக, வழவழவென்று ஒரு பழம். நம் கொல்லையில் காய்க்கிற மகோபா மாதிரியே இருந்தது. மகோபா என்றேன். கட்டைக் கோலால் விரல் முட்டியில் போட்டாள். "ஆப்பிள்னு சொல்லு." நான் ஆப்பிளை எங்கே பார்த்தேன்? நீ கப்பல்காரனைக் கட்டிக்கொண்ட பிறகுதான் என் வீட்டுக்குள் ஆப்பிள் வந்தது. இரண்டாவது தடவை காட்டினாள். பயத்தில் மறுபடி மகோபா என்றுதான் வாயில் வந்தது.

அன்றைக்கு நாலாம் வரிசைக்குப் போனேன், கதவோரம். மறுநாளிலிருந்து வாசிப்பு மணி அடித்தால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தை எடுப்பார்கள், நான் வாளியை எடுப்பேன். ஊற்றிலிருந்து அவள் வீட்டுப் பானைக்குத் தண்ணீர். ஒரு வருஷம் முழுக்க. அவள் பானை ஒரு நாள்கூடக் குறைந்ததில்லை. அடுத்த வருஷம் அப்பா, "தண்ணி தூக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் போர் வந்தது.

இதையும் எழுது. நீ முதல் வகுப்பில் சேர்ந்தபோது உன் புத்தகம் நாம் பேசுகிற பேச்சில் இருந்தது. நீ குளிக்கப் போகும் நேரத்தில் அதை எடுத்துப் பார்ப்பேன். மூன்றே வாரம். முப்பத்தெட்டு வயசில் மூன்று வாரத்தில் படித்தேன். மந்தமாம்.

உனக்குக் கையெழுத்து வேண்டுமென்றால் ஏழாம் நம்பரை அடித்துவிட்டு என் பெயரைப் போடு. பக்கத்தில் கொன்ராடா பெயரையும் போடு, முழுசாக. போட்டு அனுப்பு, அப்போது பார்க்கலாம்.

பியாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கூரை மேல் எறிந்தோம். நீ இல்லை.

அம்மா


இலோயிலோ
1997 ஜூன் 21

அம்மா,

பெயர் போட முடியாது. யார் பெயரையும் போடக் கூடாது என்பது விதி. நல்லவர் பெயருக்கும் அதே விதி, கெட்டவர் பெயருக்கும் அதே விதி. மூன்று தடவை கேட்டேன். நூலகத்தில் எனக்கு நேராக உட்கார்ந்திருக்கும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு இடத்தை மாற்றிக்கொண்டாள்.

நீங்கள் எழுதிய பழத்தின் கதையை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். இந்த முறை அவர் அழவில்லை. "உங்க அம்மாவுக்குத் தெரிஞ்ச பதில், உங்களுக்கு ரெண்டு வருஷமாத் தெரியலயே லூதிவினா," என்றார். பிறகு, "போன வருஷம் நான் கொடுத்த வேலையை எப்பத் தரப் போறீங்க?" என்று கேட்டார்.

அது என்ன வேலை என்று உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொருவரும் தன் வகுப்பறையை வரைய வேண்டும். வருஷ முடிவில் படிக்கத் தெரியாத பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சிலுவைக்குறி போட வேண்டும். போட்டேன். ஒன்பது குறி. ஒன்பதும் நாலாம் வரிசை. டாக்டர் பார்த்தார். "வாசிப்பு நேரத்துல இவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். தோட்டம், தண்ணீர் என்றேன். "யாருக்குத் தண்ணி?" என்றார்.

அன்றைக்குத் தாளை மடித்துப் பையில் வைத்தவள்தான். அதற்குப் பதிலாக உங்கள் கதையை எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் அழுதார்கள். என்னை யாரும் மறுபடி கேட்கவில்லை.

திருவிழா அன்று நான் பேசாமல் இருந்தது மரியாதையால் இல்லை. வாயைத் திறந்தால் கொன்ராடா டீச்சர் பின்வாசலைப் பார்ப்பார் என்று பயந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வகுப்பில் ஒரே கூச்சல். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மந்தங்களத் தண்ணிக்கு அனுப்பு லூதிங். வகுப்பும் அமைதியாயிடும், உன் பானையும் நிறைஞ்சிடும்," என்றார். அனுப்பினேன். அமைதியாகிவிட்டது. என்னை நல்ல டீச்சர் என்றார்கள். பதினோரு வருஷம்.

ஜினலின் இரண்டு வருஷமாக நம் வீட்டுப் பானையைத்தான் நிரப்புகிறாள். முதல் வகுப்பிலேயே மூன்றாம் வருஷம் இப்போது.

லூதிங்


தகுமாய்
1997 ஜூலை 6

லூதிங்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளையும் அடுப்பில் போட்டேன்.

எனக்குத் தெரியாதா? பானை என் அடுப்படியில் இருக்கிறது. வாளிச் சத்தம் கேட்டதும் மூடியைத் திறந்து வைப்பவள் நான்தான். ஓலைக் கட்டரிசி ஒன்றை ஜினலின் கையில் கொடுத்து, "மெதுவாப் போ, வழுக்கும்" என்பேன். அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஊற்றின தண்ணீரைக் குடித்துக்கொண்டே கொன்ராடாவைத் திட்டியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளும் வந்தாள். வாளியை வாங்கி வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். உனக்குப் பதிலாக வந்திருக்கும் சின்ன டீச்சர் ஆர்லின் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாசிப்பு நேரத்துல இந்தப் பொண்ணு என் வீட்டுல ஏன் நிக்குது டீச்சர்?"

"லூதிங் மேடம் போட்டுட்டுப் போன பட்டியல் பாட்டி. நாலாம் வரிசைக்குத் தண்ணி, தோட்டம். உங்க வீட்டுக்குத்தானே வருது?"

"நிறுத்து."

"மேடம் எழுதினத நான் எப்படி மாத்தறது? நான் அக்டோபர் வரைக்கும்தானே பாட்டி."

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பட்டியல் இருந்தது. கண்ணாடியைத் தூக்கினேன். அந்தப் பெண் கத்தினாள். எடுத்துவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து நன்றாகப் படிக்க முடிகிறது. முதல் வரிசை இரண்டாவது இடம் பியா. நாலாம் வரிசை கதவோரம் ஜினலின், அடைப்புக்குள் தண்ணீர். தேதியைப் பார். மே 16. திருவிழாவுக்கு மறுநாள். என் கதையை எழுதி ஊரையே அழவைத்துவிட்டு, நான் படிக்காமல் வெளியே வந்ததைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மறுநாள் காலையில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷப் படிப்பு உன் நாக்குவரைக்கும்தான் இறங்கியிருக்கிறது. கைக்கு இறங்கவில்லை.

கொன்ராடா பெயர் வேண்டாம், விட்டுவிட்டேன். இந்தத் தாளை உன் ஆய்வேட்டில் வை. நீ செய்ததை நீயே எழுது. அப்போது என் கையெழுத்துத் தருகிறேன். இல்லையென்றால் கிடையாது. உன் குழு, உன் அக்டோபர், உன் பதவி எல்லாம் எனக்கு ஒன்றுதான்.

படிவத்தைப் பானை மேல் கல்லை வைத்து அழுத்தி வைத்திருக்கிறேன்.

அம்மா


இலோயிலோ
1997 ஜூலை 23

அம்மா,

உங்களுக்குத் திருப்திதானே?

தாளைக் கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தேன். மே 16 என்ற தேதியை அவரும் பார்த்தார். இதை வைத்து எழுதுவதென்றால் ஆய்வேட்டைப் பாதியிலிருந்து மாற்ற வேண்டும், ஊருக்குத் திரும்பி என் வகுப்பிலேயே வேறு விதமாகச் செய்து பார்த்து அதையும் எழுத வேண்டும், அக்டோபர் நடக்காது, மார்ச் ஆகிவிடும் என்றார். சரி என்றேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். உங்களை நினைத்து அழவில்லை, உங்கள் மேல் கோபத்தில் அழுதேன். மற்ற அம்மாக்கள் ஒரு கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மாஸ்டர் டீச்சர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. தலைமையாசிரியர் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "படிக்கப் போனா பதவியோட வரணும் லூதிங். பிரச்சினையோட வரக் கூடாது. உன் அம்மா வந்து கண்ணாடியத் தூக்கினதுக்கே நான் இன்னும் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்."

முப்பத்தொரு பக்கம் எழுதியிருக்கிறேன். "யாருக்குத் தண்ணி" என்ற கேள்விக்குப் பதிலோடு தொடங்குகிறது. எழுதும்போது ஒன்று புரிந்தது. நாலாம் வரிசையில் மந்தமான பிள்ளைகளை வைத்தேன் என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். என் பழைய வருகைப் பதிவேடுகளைப் பார்த்தால், ஜூன் மாதம் அங்கே போனவர்களில் பாதிப்பேர் சும்மா வெட்கப்பட்ட பிள்ளைகள். மார்ச் மாதத்துக்குள் நான்தான் அவர்களை மந்தமாக்கி முடித்திருக்கிறேன். இதைப் புத்தகம் எனக்குச் சொல்லவில்லை. எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தது, என் பதிவேடே காட்டிவிட்டது.

அக்டோபர் கடைசியில் வருகிறேன். ஆர்லினிடம் எழுதிச் சொல்லிவிட்டேன், இனி யாரும் தண்ணீர் தூக்க வேண்டாம். ரொமுலோவைத் தூக்கச் சொல்லுங்கள், அவனுக்கு நல்லது.

கையைக் கேட்கவில்லை. பிறகு கேட்கிறேன்.

லூதிங்


தகுமாய்
1998 மார்ச் 3

லூதிங்,

வெள்ளிக்கிழமை உனக்கு நேர்முகத் தேர்வு. இந்தக் கடிதம் வியாழக்கிழமை கண்டக்டரோடு வரும். படிவமும் உள்ளே இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் பென்சில் கோட்டின் மேல் இல்லை, அதற்குக் கீழே. இரண்டாவது பத்தியைத் திருத்தியிருக்கிறேன். "அமையவில்லை" என்பதை அடித்து "கொடுக்கப்படவில்லை" என்று போட்டிருக்கிறேன். குழு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னை வந்து பார்க்கட்டும்.

நீ தேர்வுக்குக் கிளம்பிப் போன பிறகும் இங்கே ஒன்றும் அடங்கவில்லை. நவம்பரில் நீ மேசைகளை வட்டமாகப் போட்டாயே, அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் ஓடுகிறது. அரிசி மில்காரன் பெண்டாட்டி நேற்று என் கடைக்கு வந்து, "என் பையன் மந்தத்துக்குப் பக்கத்துல உக்காரணுமாம், கேட்டீங்களா? படிச்சவங்க பண்ற வேலையா இது?" என்றாள். "உன் பையன் பேரு எட்டு எழுத்து, அதுல ஆறுதான் அவனுக்குத் தெரியும். பக்கத்துல இருக்கறவகிட்ட மிச்சத்தக் கேக்கச் சொல்லு" என்றேன். வாங்கின கட்டரிசியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். போகட்டும்.

ஜினலின் பிள்ளைகள் வரைந்த படப்புத்தகத்தைக் கொண்டுவந்தாள். ஒரு சிவப்புப் பழம், கீழே எழுத்து. விரலை வைத்து, மூச்சு விட்டு விட்டு, "ம...கோ...பா" என்றாள். சரியாக இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றேன். இனிமேல் இங்கே நிற்காதே, வகுப்புக்குப் போ என்று விரட்டினேன்.

இன்னொன்று. கொன்ராடா டீச்சர் படுத்துவிட்டாள். வீட்டுக் குழாயில் ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி, "நாலாம் வரிசையிலிருந்து ஒரு பிள்ளைய அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாள். நாலாம் வரிசை என்று ஒன்று இப்போது கிடையாது என்று, நீ வரும்வரை மறுபடி உன் வகுப்பைப் பார்க்கும் ஆர்லின் சொல்லி அனுப்பிவிட்டாளாம். கேள்விப்பட்டதும் நானே போனேன். இரண்டு வாளி, அதே ஊற்று, அதே மேடு. அறுபத்தாறு வயசில் நான்கு இடத்தில் நின்று நின்று போனேன். பானையை நிரப்பினேன்.

"யாரது?" என்றாள் கட்டிலிலிருந்து.

"புரோசிங். மூணாம் வகுப்பு, போருக்கு முன்னாடி. மகோபா."

ஐம்பத்தேழு வருஷம் இந்த ஒரு நிமிஷத்துக்காக வைத்திருந்தேன் லூதிங். என்ன சொல்வாள் என்று எத்தனை விதமாக நினைத்திருக்கிறேன், தெரியுமா?

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "எந்தப் புரோசிங்? நிறையப் பேரு தூக்கினாங்க. எல்லாரும் நல்லாத்தான் தூக்குனீங்க," என்றாள். அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

திருவிழா மேசையில் என்னைத்தான் சொன்னாள் என்று பத்து மாதம் எரிந்துகொண்டிருந்தேன். பெயரைச் சொன்னாளே தவிர என்னைச் சொல்லவே இல்லை, தண்ணீர் தூக்கின யாரையும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவளுக்கு நான் யாரென்றே தெரியாது.

யார் யார் மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். உன் டாக்டரம்மாளை விட்டுவிட்டேன். வாயில் சோற்றோடு சிரித்த சாமியாரைப் போன மாதம் விட்டுவிட்டேன். மூடியைத் திறந்து வைத்த என்னை இன்னும் முழுசாக விடவில்லை, முடிந்தபோது விடுவேன். நீ பட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வா. கை தருகிறேன்.

ஆய்வேட்டில் பெயர் போடக் கூடாது என்பது உங்கள் விதி. சரி. இது ஆய்வேடு இல்லை. இது நான் என் மகளுக்கு, என் கையால், அந்த டீச்சர் சொல்லிக் கொடுக்காத எழுத்தில் எழுதும் கடிதம். ஒருத்தியை மட்டும் விடவில்லை, விட மாட்டேன். பெயர் முழுசாக எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திக்கொள்:

கொன்ராடா எஸ்கனில்யா.